நேச நாடான ஜப்பான் மீது அமெரிக்கா ஏன் வரி போடுகிறது? ஜப்பான் ஏன் பொறுத்துப்போகிறது?

கேள்வி இதுதான்: "ஜப்பானில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். 70 ஆண்டுகளுக்கு மேலாக இரண்டும் நேச நாடுகள். அப்படியிருந்தும் 2025இல் ஜப்பான் கார்கள் மீது அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஜப்பான் பதிலுக்கு வரி போடவில்லை. 55,000 கோடி டாலர் முதலீட்டுக்கு ஒப்புக்கொண்டு வரியைக் குறைக்கச் சொன்னது. பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக ஜப்பான் மண்டியிடுகிறதா?"

பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த இரண்டு நாடுகளுக்கு இடையே பாதுகாப்பும் வியாபாரமும் எந்தக் காலத்திலும் தனித்தனிக் கணக்காக இருந்ததில்லை. ஒன்றில் வைத்த பாக்கியை இன்னொன்றில் வசூலிப்பது 1950களிலிருந்தே நடக்கிறது. 2025இல் புதிதாக வந்தது, அதை வெளிப்படையாகப் பேசும் ஓர் அதிபர் மட்டுமே.

1951 செப்டம்பர் 8. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜப்பானுடனான சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு ஜப்பான் ஒரு பெரிய தூதுக்குழுவையே அனுப்பியிருந்தது. அதே நாளில், அதே ஊரில், ஒரு ராணுவ முகாமுக்குள் இன்னொரு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அதுதான் பாதுகாப்பு ஒப்பந்தம். ஜப்பான் தரப்பில் அதில் கையெழுத்துப் போட்டவர் பிரதமர் யோஷிடா ஷிகெரு ஒருவர் மட்டுமே. கெட்ட பேர் வந்தால் தன்னோடு போகட்டும் என்று அவர் நினைத்ததாகச் சொல்வார்கள். காரணம் இருந்தது. அந்த முதல் ஒப்பந்தப்படி அமெரிக்கா ஜப்பானில் படைகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜப்பானைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற கடமை எதுவும் அதில் தெளிவாக எழுதப்படவில்லை.

யோஷிடா அதற்கு ஏன் சம்மதித்தார்? அவருடைய கணக்கு எளிமையானது. நாடு சாம்பலாகக் கிடக்கிறது. ராணுவத்துக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தைத் தொழிற்சாலைக்குப் போடலாம், காவலை அமெரிக்கா பார்த்துக்கொள்ளட்டும், பதிலுக்குத் தளங்களைக் கொடுக்கலாம். அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவு போரைத் துறந்திருந்ததும் அவருக்கு வசதியாகப் போயிற்று. இதற்கிடையில் கொரியப் போர் வந்தது. அமெரிக்கப் படைகளுக்கு வேண்டிய லாரி, துணி, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் ஜப்பானிலேயே வாங்கினார்கள். 1950இல் திவாலாகும் நிலையில் இருந்த டொயோட்டாவைத் தூக்கி நிறுத்தியது அந்த லாரி ஆர்டர்தான். 1949இல் ஒரு டாலருக்கு 360 யென் என்று நிர்ணயித்த மதிப்பு 1971 வரை அப்படியே இருந்தது. ஜப்பான் பொருள்கள் அமெரிக்கச் சந்தையில் மலிவாக விற்க அதுவும் ஒரு காரணம். அமெரிக்கா இதையெல்லாம் தெரிந்தேதான் அனுமதித்தது. பனிப்போர்க் காலத்தில் பசித்த ஜப்பானைவிடப் பணக்கார ஜப்பான் அவர்களுக்கு நல்லது.

1960இல் பிரதமர் கிஷி நோபுசுகே அந்த ஒப்பந்தத்தைத் திருத்தினார். இன்றும் நடைமுறையில் இருப்பது இதுதான். 5ஆவது பிரிவு: ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள நிலப்பகுதி தாக்கப்பட்டால் இரு நாடுகளும் சேர்ந்து செயல்படும். 6ஆவது பிரிவு: ஜப்பானின் பாதுகாப்புக்காகவும் தூரக் கிழக்கின் அமைதிக்காகவும் அமெரிக்கா தளங்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்க மண் தாக்கப்பட்டால் ஜப்பான் ஓடி வர வேண்டும் என்று எங்கும் இல்லை. அமெரிக்காவைத் தாக்கினால் ஜப்பானியர்கள் சோனி டிவியில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று டிரம்ப் 2019இல் குத்திக்காட்டியது இதைத்தான். அவர் சொல்லாமல் விட்டது 6ஆவது பிரிவை.

யாரும் அதிகம் பேசாத 2ஆவது பிரிவு ஒன்றும் இருக்கிறது. சர்வதேசப் பொருளாதாரக் கொள்கைகளில் இருக்கும் முரண்பாடுகளை நீக்க இரு நாடுகளும் முயல வேண்டும், பொருளாதார ஒத்துழைப்பை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது அது. பாதுகாப்பு ஒப்பந்தத்துக்குள்ளேயே இப்படி ஒரு வரி. எழுதியவர்களுக்குப் பிரச்சினை எங்கிருந்து வரும் என்று தெரிந்திருக்கிறது.

வந்தது. முதல் பெரிய மோதல் துணியில். 1968 தேர்தலில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஜவுளி ஆலைகளுக்கு, அதில் அதிபராக ஜெயித்த நிக்சன் வாக்குக் கொடுத்திருந்தார். அதே சமயம் ஜப்பான் பிரதமர் சாடோ எய்சாகுவுக்கு ஒகினாவாவைத் திரும்பப் பெற்றாக வேண்டும். போர் முடிந்தும் அந்தத் தீவு அமெரிக்க ஆட்சியில்தான் இருந்தது. 1969 நவம்பரில் இருவரும் சந்தித்தார்கள். ஒகினாவாவைத் தருகிறோம், ஜவுளி ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் திரைமறைவுப் பேச்சு. சாடோவால் சொன்னதை உடனே செய்ய முடியவில்லை. உள்நாட்டு நெசவாலைகள் கொதித்தெழுந்தன. நிக்சன் மனதில் வைத்துக்கொண்டார். 1971 ஜூலையில் ஜப்பானிடம் முன்கூட்டிக் கலந்து பேசாமல் சீனப் பயணத்தை அறிவித்தார். ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்து, இறக்குமதிகள் மேல் 10 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். கடைசியில் ஜப்பான் வழிக்கு வந்தது. நெசவாளர்களுக்கு அரசே பணம் கொடுத்துத் தறிகளை வாங்கி உடைத்துப் போட்டது. 1972 மே 15 அன்று ஒகினாவா திரும்பக் கிடைத்தது. தளங்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன.

அடுத்தது கார். 2025ஐப் புரிந்துகொள்ள இந்தக் கட்டம்தான் மிக முக்கியம் என்பது என் எண்ணம்.

1981இல் அமெரிக்க அதிபர் ரேகனின் அரசு நேரடியாக வரி போடவில்லை. ஜப்பானே 'தானாக முன்வந்து' ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று அறிவித்தது. முன்வந்ததா, முன்னால் தள்ளப்பட்டதா என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கட்டுப்பாடு எண்ணிக்கைக்குத்தான், விலைக்கு இல்லை. சரி, எண்ணிக்கை கூடாது என்றால் ஒவ்வொரு காரிலும் அதிகம் சம்பாதிப்போம் என்று ஜப்பான் கம்பெனிகள் சொகுசுக் கார்களுக்குத் தாவின. ஹோண்டா 1986இல் அக்யூராவையும் டொயோட்டா 1989இல் லெக்ஸஸையும் அமெரிக்காவில் இறக்கின. வெளியிலிருந்து வந்தால்தானே கட்டுப்பாடு, உள்ளேயே செய்தால்? 1982இல் ஒஹையோ மாநிலம் மேரிஸ்வில்லில் ஹோண்டாவின் அக்கார்டு கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 1984இல் கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்டில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ஓர் ஆலையை நடத்த ஆரம்பித்தன. (அந்த ஆலை 2010இல் மூடப்பட்டு, இப்போது டெஸ்லா கார்கள் அதே இடத்திலிருந்துதான் வெளிவருகின்றன.) இன்று ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்க மண்ணிலேயே ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைச் செய்கின்றன. 2024இல் ஜப்பானிலிருந்து கப்பலேறிப் போனவை ஏறக்குறைய 13.7 லட்சம்.

வாங்கிய அடியை இப்படி வேறு வழியில் லாபமாக மாற்றியது அந்த ஒரு தடவை. சிப் விஷயத்தில் அது நடக்கவில்லை. 1986 செமிகண்டக்டர் ஒப்பந்தமும், அது மீறப்பட்டதாகச் சொல்லி 1987இல் ரேகன் 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பான் மின்னணுப் பொருள்கள் மேல் போட்ட 100 சதவீத வரியும் அந்தத் துறையைத் தடுமாற வைத்தன. 1980களின் இறுதியில் உலக சிப் விற்பனையில் பாதியை வைத்திருந்த ஜப்பான் இன்று பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது. எல்லாப் பழியையும் அமெரிக்காவின் மேல் போடுவது தவறு. கொரியாவும் தைவானும் முந்திப்போனதும், ஜப்பான் கம்பெனிகள் பழைய பாதையிலேயே நின்றதும் பெரிய காரணங்கள். ஆனால் 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்கப் பணக்கார நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தம் வந்து, 240 யென் அளவில் இருந்த டாலர் இரண்டே ஆண்டில் 150க்கும் கீழே இறங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பத்தாண்டில் ஜப்பானுக்கு மூச்சு முட்டியிருக்கும் என்று புரியும்.

அதே 1987இல் இன்னொன்று நடந்தது. தோஷிபாவின் துணை நிறுவனம் ஒன்று, நீர்மூழ்கிக் கப்பலின் சுழலிகளைச் சத்தம் குறைவாகக் கடைந்தெடுக்க உதவும் இயந்திரங்களைத் தடையை மீறி சோவியத் யூனியனுக்கு விற்றது அம்பலமானது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றப் புல்வெளியில் நின்று, தோஷிபா ரேடியோ ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். கோபம் நீர்மூழ்கியைப் பற்றியது. நொறுங்கியது கடையில் விற்கும் ரேடியோ. அந்த செப்டம்பரில்தான், அரசியலில் இல்லாத ஒரு நியூயார்க் கட்டட முதலாளி மூன்று செய்தித்தாள்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, ஜப்பான் நம் செலவில் பாதுகாப்பு வாங்கிக்கொண்டு நம்மையே ஏய்க்கிறது என்று எழுதினார். பெயர் டொனால்ட் டிரம்ப். ஆகவே 2025இல் அவர் திடீரென்று ஜப்பான் மேல் பாய்ந்தார் என்று சொல்பவர்கள் முப்பத்தெட்டு வருடம் தாமதமாகச் செய்தி படிக்கிறார்கள்.

சரி, 'நம் செலவில்' என்பது உண்மையா? அமெரிக்கத் தளங்களில் வேலை பார்க்கும் ஜப்பானியர்களின் சம்பளம், தளங்களின் மின்சாரம், தண்ணீர் உள்ளிட்ட செலவுகளின் பெரும்பகுதியை ஜப்பான் அரசுதான் கட்டுகிறது. குடிவந்தவருக்கு வீட்டுக்காரரே கரண்ட் பில் கட்டுகிற மாதிரி. 1978இல் சின்னதாக ஆரம்பித்த வழக்கம் இது. 2022 முதல் ஐந்து ஆண்டுக்கான ஒப்பந்தப்படி ஏறக்குறைய 1.05 லட்சம் கோடி யென், அதாவது ஆண்டுக்குச் சுமார் 21,000 கோடி யென். பதிலுக்கு அமெரிக்காவுக்குக் கிடைப்பது யோகோசுகா துறைமுகம். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல்களில் வெளிநாட்டைத் தாய்த்துறைமுகமாகக் கொண்டது ஒன்றே ஒன்று. அது அங்கேதான் நிற்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்து புறப்பட்டு தைவான் பக்கம் வருவதற்கும் யோகோசுகாவிலிருந்து வருவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கப்பல் ஓட்டத் தெரியாதவரும் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆகவே அமெரிக்கா தானம் செய்கிறது என்ற பேச்சு எனக்கு எடுபடவில்லை.

ஜப்பானுக்குள்ளேயே இந்தச் சுமை சமமாகப் பிரிக்கப்படவில்லை என்பதுதான் உண்மையான அநியாயம். நாட்டின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் மட்டுமே உள்ள ஒகினாவா, அமெரிக்கப் படைகள் மட்டும் பயன்படுத்தும் தளப் பரப்பில் சுமார் 70 சதவீதத்தைச் சுமக்கிறது. 1995இல் மூன்று அமெரிக்கப் படையினர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தபோது 85,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே, குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஃபுதென்மா விமானத்தளத்தை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் திருப்பித் தருவதாக இரு அரசுகளும் சொல்லின. மாற்றுத் தளம் அதே தீவின் ஹெனோகோ கடற்கரையில் என்று முடிவானது. 2019 பொதுவாக்கெடுப்பில் சுமார் 72 சதவீதம் பேர் அதை எதிர்த்தார்கள். கடலடி மண் குழைவாக இருக்கிறது என்பது வேறு தனிப் பிரச்சினை. மத்திய அரசு வேலையை நிறுத்தவில்லை. ஃபுதென்மா இன்னும் திரும்பவில்லை. டோக்கியோவில் இருப்பவர்கள் இந்தக் கூட்டணியை மலிவு என்று சொல்லும்போது ஒகினாவாக்காரர் சிரிக்க மாட்டார்.

அப்புறம், பணம் மட்டும் கொடுத்தால் மரியாதை கிடைக்காது என்று ஜப்பான் கற்றுக்கொண்ட இடம் 1991 வளைகுடாப் போர். 1,300 கோடி டாலர் கொடுத்தது. போர் முடிந்ததும் குவைத் அமெரிக்கச் செய்தித்தாள்களில் நன்றி விளம்பரம் போட்டது. அதில் ஜப்பான் பெயரே இல்லை. இன்றுவரை ஜப்பான் வெளியுறவுத் துறையில் அந்தக் காயம் ஆறவில்லை. அடுத்த ஆண்டு ஐ.நா. அமைதிப் பணிக்குப் படையினரை அனுப்பச் சட்டம் வந்தது. 2015இல், ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து என்ற நிலையில் நேச நாட்டுக்காகப் போரிடலாம் என்ற அளவுக்குச் சட்டம் விரிந்தது. 2022 டிசம்பரில் ஐந்தாண்டுப் பாதுகாப்புச் செலவை 43 லட்சம் கோடி யென்னாக உயர்த்தினார்கள். 400 டோமஹாக் ஏவுகணைகளை அமெரிக்காவிடமிருந்து வாங்குகிறார்கள்.

இப்போது 2025. ஏப்ரல் 3 முதல் கார்கள் மேல் 25 சதவீதம், ஏற்கெனவே இருந்த 2.5ஐயும் சேர்த்தால் 27.5. இந்த வரிக்கு அமெரிக்கா பயன்படுத்திய சட்டம் 1962ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆவது பிரிவு. தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தான இறக்குமதிகளைத் தடுக்க வந்த பிரிவு அது. அதாவது, எந்த நாட்டைக் காப்பாற்றுவதாக ஒப்பந்தம் இருக்கிறதோ அந்த நாட்டின் கார்கள் அமெரிக்கப் பாதுகாப்புக்கு ஆபத்து! இதே தர்க்கத்தில்தான் 2025 ஜனவரியில் பைடன், ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் கம்பெனி அமெரிக்க எஃகுக் கம்பெனியான யு.எஸ். ஸ்டீலை வாங்குவதைத் தடுத்தார். டிரம்ப் ஜூனில் அனுமதித்தார், ஆனால் தலைமையகத்தை மாற்றுவது போன்ற முடிவுகளை அமெரிக்க அதிபர் ரத்து செய்யக்கூடிய தனிப் பங்கு ஒன்றை வாங்கிக்கொண்டு. கட்சி வித்தியாசம் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜப்பான் அனுப்பிய பேச்சாளர் அகாசாவா ரியோசே. முதல் சந்திப்பில் டிரம்பின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்ற படம் வெளியாகி, ஊரில் திட்டு வாங்கினார். ஜூலைத் தேர்தல் பிரச்சாரத்தில் பிரதமர் இஷிபா ஷிகெரு, எங்களைக் கிள்ளுக்கீரையாக நினைக்க வேண்டாம் என்ற தொனியில் பேசினார். ஜூலை 22இல் உடன்பாடு வந்தது. அன்று வெள்ளை மாளிகையிலிருந்து வெளியான படத்தில், டிரம்பின் மேசையில் இருந்த அட்டையில் 40,000 கோடி டாலர் என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டுப் பேனாவால் 50,000 கோடி என்று எழுதியிருந்தது. அறிவித்தபோது அது 55,000 கோடி ஆகியிருந்தது. கார் வரி மொத்தமாக 15 சதவீதமாகக் குறைந்தது. அது செப்டம்பர் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்த 55,000 கோடி ரொக்கமல்ல. பெரும்பகுதி ஜப்பானின் அரசு வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தரும் கடனும் உத்தரவாதமும்தான். நேரடிப் பங்கு முதலீடு ஒன்றிரண்டு சதவீதம்தான் என்று அகாசாவாவே சொன்னார். ஆனால் நிபந்தனைகள் கசப்பானவை. எந்தத் திட்டத்துக்குப் பணம் என்று கடைசியில் முடிவு செய்வது அமெரிக்க அதிபர். அறிவித்து 45 வேலை நாட்களுக்குள் பணம் வர வேண்டும், வராவிட்டால் வரியை மறுபடி ஏற்றலாம். போட்ட பணம் குறிப்பிட்ட அளவு திரும்பும்வரை லாபம் பாதிக்குப் பாதி, அதன் பிறகு 90 சதவீதம் அமெரிக்காவுக்கு. நேச நாடுகளுக்கு இடையே இப்படி ஒரு ஆவணத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டொயோட்டா ஒன்றுக்கே அந்த நிதியாண்டில் வரியால் ஏறக்குறைய 1.4 லட்சம் கோடி யென் லாபம் போகும் என்று அதுவே கணித்தது.

திருப்பி அடிக்க ஜப்பானிடம் ஆயுதமே இல்லையா? இருக்கிறது. அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை வெளிநாடுகளில் மிக அதிகமாக வைத்திருப்பது ஜப்பான்தான், 1.1 லட்சம் கோடி டாலருக்கு மேல். 1997இல் பிரதமர் ஹாஷிமோட்டோ ரியுதாரோ, அவற்றை விற்றுவிடலாமா என்று தோன்றியதுண்டு என்று நியூயார்க்கில் ஒரு பேச்சில் சொல்ல, அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. 2025 மேயில் நிதியமைச்சர் கட்டோ கட்சுனோபு, அதுவும் நம் கையில் உள்ள ஒரு சீட்டு என்று டிவியில் சொன்னார். இரண்டு நாளில் விற்கும் எண்ணமில்லை என்று விளக்கம் கொடுத்தார். காரணம் புரிகிறது. விற்க ஆரம்பித்தால் பத்திர விலை விழும், மீதி கையில் இருப்பதன் மதிப்பும் சேர்ந்து விழும், யென் எகிறி ஏற்றுமதி அடிபடும்.

ஆனால் பெரிய காரணம் வரைபடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் அணுகுண்டு வைத்திருக்கும் வடகொரியா, இன்னொரு பக்கம் ரஷ்யா, தெற்கே, ஜப்பான் நிர்வகிக்கும், சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளைச் சுற்றும் சீனக் கப்பல்கள். அந்தத் தீவுகளும் 5ஆவது பிரிவுக்குள் வரும் என்று 2014இல் ஒபாமா டோக்கியோவில் வாய்விட்டுச் சொன்னது ஜப்பானுக்கு எத்தனை கார் வரியையும்விடப் பெரிய செய்தி. ஐரோப்பிய ஒன்றியமோ கனடாவோ பதில் வரி என்று மிரட்டலாம். ஜப்பானுக்கு நேட்டோ மாதிரி ஒரு கூட்டம் பின்னால் இல்லை. இருப்பது ஒரே ஒரு காவலர். சீனாவோ அதன் மிகப்பெரிய வர்த்தகக் கூட்டாளி. 2025 நவம்பரில் பிரதமர் தகாய்ச்சி சனே, தைவானில் போர் வந்தால் அது ஜப்பானின் இருப்புக்கே ஆபத்தான நிலையாகலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னதும், சீனா தன் மக்களை ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்றது, ஜப்பான் மீன் இறக்குமதியை மறுபடி நிறுத்தியது. கூட்டணிக்கான வியாபார விலையை ஜப்பான் இரண்டு பக்கமும் கொடுக்கிறது.

மண்டியிடுகிறதா என்று கேட்டால், நேரம் வாங்குகிறது என்பேன். 2017இல் டிரம்ப் பசிபிக் வர்த்தக உடன்பாட்டிலிருந்து வெளியேறியதும் மீதி 11 நாடுகளையும் சேர்த்து அடுத்த ஆண்டே அதைக் கையெழுத்திட வைத்தது ஜப்பான். அடுத்த போர் விமானத்தை அமெரிக்காவோடு சேராமல் பிரிட்டன், இத்தாலியோடு சேர்ந்து செய்கிறது. 2025 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா தன் புதிய போர்க்கப்பல்களுக்கு ஜப்பானின் மொகாமி வகையைத் தேர்ந்தெடுத்தது. கூட்டணியை விட்டு வெளியேற ஓராண்டு முன்னறிவிப்பு போதும் என்று 1960 ஒப்பந்தத்தின் 10ஆவது பிரிவு சொல்கிறது. 1970 முதல் அந்த வழி திறந்தே இருக்கிறது. எந்தப் பக்கமும் அதைத் தொட்டதில்லை.

அடுத்து கவனிக்க வேண்டியது கார் அல்ல, அந்தக் கரண்ட் பில்தான். தளச் செலவு ஒப்பந்தம் 2027 மார்ச்சோடு முடிகிறது. வரியில் பார்த்த பேரத்தின் அடுத்த சுற்று அதன் புதுப்பித்தலில்தான் நடக்கும்.